828-க்குப் பதில் ஆள் யார்?

1. அறுபது செக்கன்

புதன்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்குத் தோட்ட ஆபீஸ் கம்பியூட்டர் எங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. இன்னும் அறுபது செக்கனில் தான் அணைந்துவிடப் போவதாகவும், செய்துகொண்டிருக்கும் வேலைகளைச் சேமித்துக்கொள்ளும்படியும் ஒரு சின்னப் பெட்டியில் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண் இறங்கிக்கொண்டே போனது.

பதினொரு தோட்டங்களின் கம்பியூட்டர்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தன் நான். அந்த அறுபது செக்கனில் நான் எடுத்த தொழில்நுட்ப நடவடிக்கைகளை இன்றைய இளைஞர்களின் நன்மைக்காக வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மவுஸை ஆட்டினேன். பிறகு மவுஸைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பிறகு மொனிட்டரை அணைத்தேன். எண் இறங்குவது கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்காது என்று நினைத்தேனோ என்னவோ. மறுபடி போட்டபோது பதினொன்றுக்கு வந்திருந்தது. கடைசியாக நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்தேன். வெடித்தால் முகத்தில் படக்கூடாது.

பெரிய கிளாக்கர் அருளப்பன் எதிர் மேசையிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பது வருடமாகத் தோட்ட ஆபீஸில் இருப்பவர். எதற்கும் பதறாத ஆள்.

"பரவாயில்ல தம்பி. சொல்லிட்டுத்தானே போகுது. நம்ம ஆளுங்க பல பேரு சொல்லாமயே போயிர்றாங்க."

கம்பியூட்டர் அணைந்தது. தானாகவே மறுபடி எழும்பியது. நான் "சரியாப் போச்சு" என்று அறிவித்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி அறுபது செக்கன் நோட்டீஸ் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே முப்பத்தொரு பேர் நின்றார்கள். வெள்ளிக்கிழமை தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க நடமாடும் சேவைக்காரர்கள் வரவிருந்தார்கள். அடையாள அட்டை இல்லாதவர்களை அன்றே பதிந்து, படம் எடுத்து, அட்டை வரும்வரை காட்டிக்கொள்ள ஒரு துண்டும் கொடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் தோட்டத்துப் பதிவேட்டிலிருந்து ஓர் உறுதிக் கடிதம் கொண்டுபோக வேண்டும்: எந்த லயத்து வீட்டில், எப்போது பிறந்தவர், யாருக்கு மகன், யாருக்கு மகள். அந்தப் பதிவேடு முழுவதும் இந்தக் கம்பியூட்டருக்குள் இருந்தது. பழைய புத்தகங்களை, இனி எல்லாம் கம்பியூட்டர்தானே என்று ஹெட் ஆபீஸ் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவை எங்கே என்று ஹெட் ஆபீஸில் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் கை காட்டுவார்கள்.

வரிசையில் முதலில் நின்றவள் மாரியாயி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவளுடைய இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒப்பரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் அடையாள அட்டை இல்லாமல் அவள் கொழும்புக்குப் போக மாட்டாள். சில வருடங்களுக்கு முன் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவளை அட்டை இல்லையென்று பிடித்து ஒரு பகல் முழுவதும் பொலிஸ் வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை போன் பண்ணிய பிறகுதான் விட்டார்கள். அதற்குப் பிறகு கொழும்பு வழியில் உள்ள அவிசாவளைக்கு அந்தப் பக்கம் அவள் கால் வைக்கவில்லை. இது 2004. போர் நிறுத்தக் காலம்தான். அதற்காக அட்டை கேட்பதை யாரும் நிறுத்திவிடவில்லை.

ரப்பர் மரத்தில் பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினாலும் மரம் காயப்பட்டுவிடும். மாரியாயியின் மரங்களில் அப்படி நாலைந்து காயம் கண்டுவிட்டார்கள். கண்ணைச் சரி பண்ணாவிட்டால் பால் வெட்டை விட்டு எடுத்துப் புல் வெட்டுக்குப் போடுவதாகக் கங்காணி இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

போன வருடமும் நடமாடும் சேவை வந்தது. அப்போது கடிதங்களை அருளப்பன் கையால் எழுதினார். மாரியாயியின் கடிதத்தில் பாதியில் பேனா நின்றுபோய், மீதியை வேறு பேனாவால் எழுதியிருந்தார். அதிகாரி இரண்டு மையைப் பார்த்தார். சந்தேகம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இனிமேல் கம்பியூட்டரில் அச்சடித்த கடிதம் மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டார்.

அதனால்தான் அவள் முதல் ஆளாக நின்றாள். கம்பியூட்டர் மூன்றாம் தரம் அணைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"போன வருசம் பேனா செத்துச்சுங்க. இந்த வருசம் இதுங்களா?"

2. நிபுணன் ஆன விதம்

நான் அரநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். கொழுந்து நிறுக்கிற கிளாக்கராக இருந்தேன். கேகாலையில் ஒரு மூன்று மாதக் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய், சான்றிதழை உடனே லெமினேட் பண்ணி வைத்துக்கொண்டேன். கம்பெனி எல்லாத் தோட்டங்களுக்கும் கம்பியூட்டர் கொடுத்தபோது, அதை எங்கே அமத்தினால் எழும்பும் என்று தெரிந்த ஒரே ஆள் நானாக இருந்தேன். அப்படியே உத்தியோகம் உயர்ந்தது. ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பை, பை நிறைய சிடி. தோட்டம் தோட்டமாகப் போவேன். என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நாற்காலி எனக்கு வேண்டுமல்லவா.

இன்று கம்பியூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. அன்று அப்படி இல்லை. தோட்டத்துக்கு ஒரு டெலிபோன் லைன். அதே லைனில்தான் இன்டர்நெட். பங்களாவில் துரையின் மனைவி தங்கச்சியோடு பேச ரிசீவரை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துபோகும். அந்தத் தங்கச்சிக்கு எப்போதும் ஏதாவது பிரச்சினை. அதனால் அப்டேட்களை எல்லாம் ஹெட் ஆபீஸ் சிடியில் எழுதி அனுப்பும். நான் கொண்டுபோய்ப் போடுவேன்.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. நான் முதல் மூன்று இலக்கத்தை மட்டும் சொல்வேன்: 823, 824, 828, 835. தோட்டத்து ஆட்களைப் பதிகிற செக்ரோலில் ஆட்களுக்கு நம்பர் இருப்பது மாதிரி. கம்பியூட்டரில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் ஓர் அப்டேட் வந்து அடைக்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் வேறோர் ஓட்டை தெரியும். அதற்கு வருகிற புதிய அப்டேட், பழைய ஓட்டையையும் சேர்த்தே அடைத்துவிடும். அப்போது பழையது தேவையில்லை. எது வந்ததால் எது தேவையில்லாமல் போனது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. ஊகம் என்று நினைத்திருந்தேன்.

3. 830-க்குக் கீழே எல்லாருக்கும் பென்ஷன்

அழிவு உண்மையில் செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது. கடிதம் அச்சடிக்கிற புதிய பகுதியைப் பதிவேட்டு புரோகிராமில் சேர்க்கப் போயிருந்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை. என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் அருளப்பனின் கீர்த்தனைகள். வேதக் கோயிலில் பாடுகிறவை. ஒரு பகுதியை அழிக்கலாமா என்று கேட்டேன்.

"ஆண்டவரோட பாட்டு தம்பி. அழிக்கிறதுன்னா நீங்களே அழிச்சிக்கங்க. நா அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நிறுவிய அப்டேட்களின் பட்டியலைத் திறந்தேன். நீளமான பட்டியல். ஒவ்வோர் அப்டேட்டும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. அந்த ஞானம் முழுக்க முழுக்கத் தோட்டத்து ஞானம். எங்கள் தோட்டங்களில் நம்பர் ஏறிக்கொண்டே போகும். பெரிய நம்பர் என்றால் புது ஆள். பழைய ஆள் வேலையை விட்டு நின்றால் அவருடைய மரங்களைப் புது ஆளிடம் கொடுப்பார்கள். ஆகவே பெரிய நம்பர் வந்துவிட்டால் சின்ன நம்பருக்கு வேலை இல்லை. என் பட்டியலில் ஆகப் பெரிய நம்பர் 835. அது வந்துவிட்டது. மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பாதுகாப்புக்கு ஹெட் ஆபீஸ் கம்பியூட்டர் மேனேஜருக்குப் போன் போட்டேன். கொழும்பு ஆள்.

"லேட்டஸ்ட் இருந்தா போதும் ஐசே. பழசெல்லாம் அதுக்குள்ள இருக்கும்" என்றார்.

படித்தவர் சொல்லிவிட்டார். 830-க்குக் கீழே எல்லாரையும் பென்ஷனில் அனுப்பத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் நீக்கும்போது கம்பியூட்டர் ஒரு பெட்டியைக் காட்டியது. இதை நீக்கினால் இன்னின்ன வேலை செய்யாமல் போகலாம், தொடரவா என்று கேட்டது. நான் அந்தப் பெட்டிகளைப் படித்தேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். 'ஆம்' எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். 823 போனது, 824 போனது, 828 போனது. இடம் வந்தது. புதிய பகுதி ஏறியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். துரையின் அறையில் இருந்த கம்பியூட்டரையும் அதே மாதிரி சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். அதை யாரும் கேட்கவில்லை. என் அன்பளிப்பு.

சாதனை செய்தவன் சும்மா இருப்பானா. புதன்கிழமை காலையில் வந்ததும் முதல் வேலையாக டெலிபோன் லைனை மாட்டி, ஹெட் ஆபீஸுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த முறையை எல்லாத் தோட்டங்களிலும் பின்பற்றலாம் என்று அதில் ஓர் ஆலோசனையும் சொல்லியிருந்தேன். அனுப்பி முடிந்து சில நிமிடத்தில் முதல் நோட்டீஸ் வந்தது. அந்தக் காலத்தில் இன்டர்நெட் முழுக்க ஒரு புழு திரிந்தது. திறந்த ஓட்டை இருக்கிறதா என்று கம்பியூட்டர் கம்பியூட்டராகத் தட்டிப் பார்க்கும். எங்கள் ஆபீஸில் தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கதவை நிலையோடு கழற்றி வைத்திருந்தேன்.

4. போஞ்சிப் பாத்தி

புழுதான் என்று எனக்குப் பதினொரு மணிக்குப் புரிந்தது. டெலிபோன் வயரைப் பிடுங்கினேன். இனி எங்கிருந்து வரும் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கால் மணித்தியாலத்தில் மறுபடி அறுபது செக்கன். வயர் என் கையில் இருக்கிறது. நோட்டீஸும் வந்திருக்கிறது. ஆபீஸ் கட்டும்போது பூசை போட்டார்களா என்று அருளப்பனிடம் கேட்டேன். நான் கேட்ட முறையிலேயே அவர் என் படிப்பை அளந்துகொண்டார்.

ஜன்னலிலிருந்து மாரியாயி கூப்பிட்டாள். மற்றவர்கள் நிழலுக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் அசையவில்லை. அங்கிருந்து பார்த்தால் கிளாக்கர் மேசையும் தெரியும், திறந்த கதவு வழியாகத் துரையின் அறையும் தெரியும்.

"ஐயா, நானும் காலையிலருந்து பாக்குறேன். அது செத்தா கொஞ்ச நேரத்துல இது சாகுது. இது எந்திரிச்சா அது சாகுது. நோவு புடிச்ச மரத்த வெட்டுன கத்தியில நல்ல மரத்த வெட்டுனா இப்பிடித்தான் ஆகும்."

"அக்கா, இது கம்பியூட்டர்" என்றேன்.

"சரிங்க. நீங்க கத்திய வச்சிக்கங்க" என்றாள்.

இரண்டு கம்பியூட்டரையும் இணைத்துச் சுவர் ஓரமாக ஒரு கேபிள் ஓடியது. துரையின் அறைக் கம்பியூட்டரிலும் 830-க்குக் கீழே ஒன்றும் இல்லை. என் அன்பளிப்பு. புழு அங்கேயும் இங்கேயும் போய்வந்துகொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கினேன். இரண்டும் அமைதியாகின. ஒரு கண் பழுதானவள் இரண்டு மணித்தியாலத்தில் கண்டதை, இரண்டு கண்ணும் லெமினேட் பண்ணிய சான்றிதழும் உள்ளவன் காணவில்லை என்பதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. எல்லாரும் அதை மெதுவாகச் சொன்னார்கள்.

ஆனால் கடிதம் அச்சடிக்க முடியவில்லை. தோட்டத்தில் ஒரே ஒரு பிரின்டர். அது துரையின் கம்பியூட்டரில் மாட்டியிருந்தது. கிளாக்கர் கம்பியூட்டரிலிருந்து கேபிள் வழியாகத்தான் அதற்குப் போக வேண்டும். கேபிளை மாட்டினால் சாவு, மாட்டாவிட்டால் கடிதம் இல்லை. பிரின்டரையே தூக்கி இந்தப் பக்கம் மாட்டலாம் என்றால் அதன் டிரைவர் சிடி வேண்டும். துரையிடம் கேட்டேன். சிங்களவர். எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். என்னைப் பங்களாவின் பின்பக்கம் கூட்டிப்போனார். பீன்ஸ் காய்க்கும் போஞ்சிப் பாத்திக்கு மேலே நாலைந்து சிடி நூலில் கட்டித் தொங்கின. குருவி விரட்ட. பிரின்டருடையது மூன்றாவது. வெயிலும் மழையும் பட்டு அதில் என் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. தெரியாததும் நல்லதுதான்.

ஆபீஸுக்குத் திரும்பி வரும் வழியில் துரை சொன்னார்.

"இங்க பாரு. நா வெள்ளிக்கெழம காலைல ஏழு மணிக்கு கையெழுத்துப் போட ஒக்காருவேன். கடுதாசி இல்லேன்னா நீதான் வெளிய போயி அந்த முப்பத்தோரு பேருக்கும் சொல்லணும். நா சொல்ல மாட்டேன். ஹரித?"

"ஹரி சேர்" என்று அவருடைய சிங்களத்திலேயே சரி சொன்னேன். ஒன்றும் ஹரியாக இல்லை.

ஹெட் ஆபீஸுக்கு மூன்று தரம் போன் போட்டேன். மூன்று தரமும் மேனேஜர் கூட்டத்தில் இருந்தார். நீக்கியதை எல்லாம் திரும்பப் போடலாமென்றால் டிஸ்க்கில் இடம் இல்லை. இடம் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் அணைத்து எழுப்ப வேண்டும். அந்தக் கம்பியூட்டர் எழும்புவதற்குள் ஒரு ஆள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக் கோப்பையும் கழுவிவிடலாம். இரண்டு கம்பியூட்டருக்கும் அப்படிச் செய்து முடிய அடுத்த புதன்கிழமை ஆகும். ஓர் அப்டேட்டைப் போட வேண்டும், அது சரியானதாக இருக்க வேண்டும். எது என்று எனக்குத் தெரியாது.

5. பதில் ஆள்

வியாழக்கிழமை காலை ஆட்களை எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் ரப்பர் மலைக்குப் போன பிறகு அருளப்பன் தன் மேசையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அவர் என்மேல் இரக்கப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். எட்டு மாதம் இரண்டே விரலால் அந்தப் பதிவேட்டைத் தட்டியவர் அவர்தான். மாரியாயியின் கடிதத்தில் பேனா நின்றதும் அவர் கையில்தான்.

"யாரு யார வெட்டுனீங்க?" என்றார்.

நம்பர்களைச் சொன்னேன்.

"அவங்களுக்குப் பதில் ஆள் யாரு?"

"835. அதுதான் ஆகப் புதுசு."

"புதுசுதான். வந்தவன் யாரு மரத்த வெட்டுறான்?"

எனக்கு விளங்கவில்லை. செக்ரோலை எடுத்து விரித்தார். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நிரல் இருக்கும். ஒரு புது ஆளைப் பதியும்போது, இன்ன நம்பருக்குப் பதிலாக என்று அந்த நிரலில் எழுதுவார். அதை எழுதிய பிறகுதான் பழைய பெயரில் சிவப்புக் கோடு போடுவார். ஒரு தரம் கோட்டை முதலில் போட்டுவிட்டார். புதிதாக வந்த 412 கீழ் டிவிஷனில் மாற்றலாகிப் போன ஆளுக்குப் பதிலாக வந்தவன். பென்ஷனில் போன சுப்பையாவின் இடத்துக்கு அவன்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். சுப்பையாவின் மரங்களை இரண்டு கிழமை ஒருவரும் தொடவில்லை. 398 என்ற ஆளோ தன் மரங்களோடு பக்கத்தில் நின்றுபோன இரண்டு பேருடைய மரங்களையும் சேர்த்து வெட்டுகிறான். நம்பரைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

"சும்மா புதுசா வந்தவனும் இருக்கான். மூணு பேருக்குப் பதிலா வந்தவனும் இருக்கான். பழைய ஆளப் போயி ஒனக்கு யாரு பதில்னு கேட்டா அவனுக்கு என்ன தெரியும். புது ஆளத்தான் கேக்கணும், நீ யாருக்குப் பதிலா வந்தேன்னு."

சிடிக்குள் ஒவ்வோர் அப்டேட்டோடும் ஓர் ஆங்கில விளக்கம் இருந்தது. பக்கம் பக்கமாக. நான் ஒன்றையும் முதல் பந்திக்குக் கீழே படித்ததில்லை. அன்று கீழே போனோம். அடியில் ஓர் இடத்தில், இந்த அப்டேட் இன்னின்னவற்றுக்குப் பதிலாக என்று ஒரு வரி இருந்தது. ஒவ்வொன்றிலும் இருந்தது. அச்சடித்தவன் எனக்காகவே அதை அங்கே ஒளித்து வைத்திருந்தான் போல.

வெறும் செக்ரோல் தாள் ஒன்றை எடுத்தோம். அருளப்பன் கோயிலில் வேதாகமம் வாசிக்கிற அதே நிறுத்தத்தோடு ஆங்கிலத்தை வாசித்தார். நான் எழுதினேன். 824-இன் குறிப்பில் 823-க்குப் பதிலாக என்று வந்தது. 828-இன் குறிப்பில் 824-க்கும் 823-க்கும் பதிலாக என்று வந்தது. பிறகு 835. அது ஒரு பெரிய படையையே ஓய்வுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தது. குறிப்பு நிரலில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினேன். கடைசி நம்பரை எழுதிவிட்டு மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தேன். 823 இல்லை. 824 இல்லை. 828 இல்லை. வெளிவந்த நாளைப் பார்த்தால் 828-உம் 835-உம் ஒரே மாதத்தில் வந்த கூட்டாளிகள். ஒருவன் மற்றவனுடைய மரத்தைத் தொடவே இல்லை.

அருளப்பன் அதோடு விடவில்லை. சிடியில் மிச்சம் உள்ள எல்லாவற்றிலும் 828-க்குப் பதிலாக வந்தவன் எவனாவது இருக்கிறானா என்று பார்க்கச் சொன்னார். பகல் சாப்பாட்டு மணி அடித்தும் பார்த்தோம். ஒருவனும் இல்லை. புழு வருகிற வாசலில் காவலுக்கு நின்ற ஒரே ஆள் 828. அவனைத்தான் நான் பூமாலை போடாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

"823, 824 ரெண்டும் போனது போனதுதான். அவங்க மரத்தையும் இவன்தான் வெட்டுறான். இவன் ஒருத்தன கூட்டியாங்க" என்றார் அருளப்பன்.

புழுவை ஒழிக்கிற சின்ன புரோகிராம் ஒன்று சிடியிலேயே இருந்தது. கேபிள் இல்லாமல் இரண்டு கம்பியூட்டரிலும் அதை ஓட விட்டேன். பிறகு இரண்டிலும் 828-ஐப் போட்டேன். அணைத்து எழுப்பினேன். கேபிளைக் கையில் எடுத்தேன். மாட்டிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்து உட்கார்ந்தோம். பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. அரை மணித்தியாலத்தில் அருளப்பன் முதல் தடவையாகக் கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தார். அதை அழிக்காமல் விட்டதற்கு நானும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மூன்றே முக்காலுக்கு முதல் கடிதம் வெளியே வந்தது. மாரியாயி பால் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து ஜன்னலில் நின்றாள். கையில் இன்னும் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. அருளப்பன் தாளை அவளிடம் நீட்டினார். அவள் வாங்காமல் கையை இரண்டு தரம் சேலையில் துடைத்தாள். பிறகு வாங்கி வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அருளப்பனுக்குப் புரிந்தது.

"ஒரே மைதான்" என்றார் மெதுவாக.

6. கூட்டம் முடிந்தது

வெள்ளிக்கிழமை துரை முப்பத்தொரு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார். மாரியாயியின் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அடுத்த மேசைக்குத் தள்ளினார். படம் எடுக்கும்போது சிரிக்க வேண்டாம் என்று சொன்னார்களாம். அவளிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. பகல் பன்னிரண்டு மணிக்குத் துண்டோடு வெளியே வந்து, அதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, பையை இன்னொரு பைக்குள் போட்டாள்.

பின்னேரம் ஹெட் ஆபீஸ் மேனேஜர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். "நா சொன்னேன்தானே ஐசே, லேட்டஸ்ட் போட்டா போதும்னு" என்றார். என்னுடைய ஆலோசனை மின்னஞ்சலும் அவருக்குப் பிடித்திருந்ததாம். மற்றப் பத்துத் தோட்டங்களுக்கும் அனுப்பப் போகிறாராம். அந்த மின்னஞ்சலை அனுப்ப விடாமல் தடுக்க நான் பட்ட பாட்டை எழுதினால் இதைவிட நீளும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். புதியது என்பதால் பழையதை நீக்காதீர்கள். பெரிய நம்பர் என்பதாலும் நீக்காதீர்கள். புதியதைத் திறந்து, அது யாருக்குப் பதிலாக வந்தது என்று அடிவரைக்கும் வாசியுங்கள். யாரும் பதிலாக வராத ஒன்றை ஒருக்காலும் தொடாதீர்கள். அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த காலம் முழுவதும், சிடியோடு ஒரு செக்ரோல் தாளும் என் பையில் இருந்தது. புது அப்டேட் வந்தால் முதலில் குறிப்பு நிரல், பிறகுதான் சிவப்புக் கோடு.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அப்டேட்கள் அவ்வளவு இடத்தைப் பிடித்ததற்குக் காரணம், ஒவ்வொன்றும் தான் மாற்றிய பழைய கோப்புகளை ஒரு மறைவான ஃபோல்டரில் எடுத்து வைத்திருந்ததுதான். அந்த ஃபோல்டர்களை மட்டும் அழித்திருந்தால் போதும். அப்டேட் அப்படியே இருந்திருக்கும், இடமும் கிடைத்திருக்கும். ஐந்து நிமிட வேலை. இதை நான் அடுத்த வருடம் தெரிந்துகொண்டேன். அருளப்பனிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து மாரியாயி திரும்பி வந்த கிழமை நான் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆபீஸ் வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கண்ணாலும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

"இப்பத்தாங்க உங்க மூஞ்ச தெளிவா பாக்குறேன்" என்றாள். "அன்னிக்கே இப்பிடித் தெரிஞ்சிருந்தா அந்தக் கம்பியூட்டர தொடவே விட்டிருக்க மாட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.